பாலீர்ப்பும் பாலின அடையாளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தச் சொற்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகள் கரடுமுரடாகத் தெரியும். தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்கப்பட்டவை என்பதால் அவற்றை மெருகேற்றவில்லை. முதல் பதிலை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்றவை எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.

1. பாலீர்ப்பு, பாலின அடையாளம் ரெண்டும் ஒண்ணுதானே? ஏன் தனித்தனியா சொல்றீங்க?

ஒன்றில்லை. யார்மேல் எனக்குக் காதலோ உடல்சார்ந்த ஆசையோ தோன்றுகிறது என்பது பாலீர்ப்பு. நான் என்னை ஆணாக உணர்கிறேனா, பெண்ணாக உணர்கிறேனா, இரண்டிலும் அடங்காத ஒருவராக உணர்கிறேனா என்பது பாலின அடையாளம். ஈர்ப்பு இன்னொருவரை நோக்கிப் போவது. அடையாளம் அப்படியில்லை; யாருமே இல்லாத இடத்தில் தனியாக இருந்தாலும் அது நம்மோடு இருக்கும்.

இவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்ததும் பிறப்புறுப்பைப் பார்த்து ஆண் என்றோ பெண் என்றோ எழுதுகிறார்களே, அது பிறப்பில் பதிந்த பால். உடை, முடி, நடை, பேச்சு வழியாக ஒருவர் வெளியே தெரியும் விதம் பாலின வெளிப்பாடு. இந்த நான்கில் ஒன்று தெரிந்துவிட்டால் மற்ற மூன்றும் தெரிந்துவிட்டதாக நினைக்கிறோம். கீழே வரும் குழப்பங்களில் முக்கால்வாசி அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

2. எல்ஜிபிடிக்யூஐஏ+னு ரயில் மாதிரி நீளுதே, ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன அர்த்தம்?

எல் என்றால் லெஸ்பியன், பெண்கள்மேல் ஈர்ப்புள்ள பெண். ஜி என்றால் கே, ஆண்கள்மேல் ஈர்ப்புள்ள ஆண். பி என்றால் பைசெக்ஷுவல், அதாவது இருபாலீர்ப்பு உள்ளவர். டி என்றால் ட்ரான்ஸ்ஜெண்டர், தமிழில் திருநர் (விளக்கம் கேள்வி 6இல்). க்யூ என்றால் க்வியர். ஐ என்றால் இன்டர்செக்ஸ், தமிழில் ஊடுபால் (விளக்கம் கேள்வி 11இல்). ஏ என்றால் ஏசெக்ஷுவல், உடல்சார்ந்த ஈர்ப்பு தோன்றாதவர். இவற்றில் அடங்காதவர்களுக்காகக் கூட்டல் குறி.

கவனித்துப் பார்த்தால் எல், ஜி, பி, ஏ நான்கும் ஈர்ப்பைப் பற்றியவை. டி அடையாளத்தைப் பற்றியது. ஐ உடலமைப்பைப் பற்றியது. வேறு வேறு விஷயங்கள் ஏன் ஒரே வரிசையில் வந்தன? ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் அப்படி, இருவரும் ஒருவரையொருவர்தான் விரும்ப வேண்டும் என்ற ஒரே விதியால் இவர்கள் அத்தனை பேரும் அடிபட்டிருக்கிறார்கள். சேர்ந்து போராடியதால் எழுத்துகளும் சேர்ந்தே நிற்கின்றன.

க்வியர் என்ற சொல் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் வசை. 1980களின் இறுதியிலிருந்து அதே மக்கள் அதைத் தங்கள் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். தமிழில் பால்புதுமையினர் என்கிறோம். ஒரு தனி வகைக்குள் தங்களை வைத்துக்கொள்ள விரும்பாதவர்களுக்கு இந்தச் சொல் வசதியாக இருக்கிறது.

3. பேப்பர்ல 'ஓரினச்சேர்க்கையாளர்'னுதானே போடறாங்க? அது தப்பா?

தவிர்த்துவிடுங்கள். சேர்க்கை என்பது படுக்கையறையை மட்டும் சொல்கிறது. யாரையும் தொட்டே இராத பதினாறு வயதுப் பையன் தன் மனம் எங்கே போகிறது என்று அறிந்திருப்பான். அவனுக்கு இருப்பது ஈர்ப்பு. ஆணும் பெண்ணும் காதலித்தால் அவர்களை நாம் செயலை வைத்துப் பெயரிட்டு அழைப்பதில்லை. தன்பாலீர்ப்பு, தன்பாலீர்ப்பாளர் என்பவை பொருத்தமான சொற்கள். கே, லெஸ்பியன் என்றும் தயங்காமல் சொல்லலாம். பலரும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஊடகங்களும் அலுவலகங்களும் கண்ணியமான சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு சொற்தொகுப்பையே அரசிதழில் வெளியிட்டது.

ஒரு வரலாற்றுச் செய்தி பலருக்கும் தெரியாது. ஹோமோசெக்ஷுவல், ஹெட்டரோசெக்ஷுவல் ஆகிய இரண்டு சொற்களையும் உண்டாக்கியவர் ஒரே ஆள், கார்ல் மரியா கெர்ட்பெனி என்ற எழுத்தாளர். 1868இல் எழுதிய ஒரு கடிதத்தில் அவை இருக்கின்றன. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய, பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் சட்டத்தை எதிர்த்து அவர் அடுத்த ஆண்டே எழுதினார். எதிர்பாலீர்ப்பும் ஒரு வகை ஈர்ப்புதான், அதற்கும் ஒரு பெயர் வேண்டும் என்பது அப்போதே தொடங்கிவிட்டது.

4. பைசெக்ஷுவல்னா ஆண் ஒருத்தர், பெண் ஒருத்தர்னு ரெண்டு பேரோட இருக்கணுமா? இல்ல, அது முடிவு எடுக்காத நிலையா?

இரண்டும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர்மேல் ஈர்ப்பு தோன்றக்கூடியவர், அவ்வளவுதான். எதிர்பாலீர்ப்புள்ள ஓர் ஆணுக்குத் திருமணத்துக்குப் பிறகும் வேறு பெண்கள் அழகாகத் தெரியலாம். அதனால் அவர் எல்லாரோடும் வாழப் போவதில்லை. இருபாலீர்ப்புள்ளவரும் ஒரே துணையோடு ஆயுள் முழுக்க வாழலாம். துணை எந்தப் பாலினத்தவரானாலும் அவருடைய ஈர்ப்பின் பெயர் மாறிவிடாது.

இருபுறமும் சமமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் கின்சி 1948இல் வெளியிட்ட ஆய்வில் 0 முதல் 6 வரை ஓர் அளவுகோல் வைத்தார். 0 முழுக்க எதிர்பாலீர்ப்பு, 6 முழுக்கத் தன்பாலீர்ப்பு. நடுவே இருந்தவர்கள் பலர். இன்று பார்த்தால் அந்த அளவுகோல் மிக எளியது. பாலின அடையாளத்தை அது தொடவே இல்லை. ஆனாலும் மனிதர்களை இரண்டே பெட்டிகளில் அடைக்க முடியாது என்பதை எண்களில் காட்டியது அதுதான்.

பான்செக்ஷுவல் என்பது இதற்கு மிக நெருக்கமானது. ஒருவரை விரும்புவதில் பாலினம் தனக்கு ஒரு பொருட்டே இல்லை என்பவர்கள் அந்தச் சொல்லைத் தேர்ந்துகொள்கிறார்கள்.

5. ஏசெக்ஷுவல்னா ஹார்மோன் குறைபாடா? சாமியார் மாதிரியா?

துறவு என்பது ஆசை இருந்தும் விலகி நிற்கும் முடிவு. ஏசெக்ஷுவல் என்பது யார்மேலும் உடல்சார்ந்த ஈர்ப்பு தோன்றாமலோ மிக அரிதாகவே தோன்றுவதாகவோ இருப்பது. ஹார்மோன் அளவு இயல்பாக உள்ளவர்கள்தான் பெரும்பாலும். நேற்றுவரை இருந்த ஆசை திடீரென்று காணாமல் போனால் மருத்துவரைப் பார்ப்பது சரி. எப்போதும் இப்படியே இருந்து, அதில் மனக்கலக்கமும் இல்லை என்றால் சரிசெய்ய அங்கே எதுவும் இல்லை.

இவர்களில் பலர் காதலிக்கிறார்கள், சேர்ந்து வாழவும் விரும்புகிறார்கள். காதலே தோன்றாதவர்களுக்கு ஏரொமாண்டிக் என்று தனிப் பெயர் உண்டு. ஆழ்ந்த நெருக்கம் வந்த பிறகுதான் ஈர்ப்பு தோன்றும் என்பவர்கள் டெமிசெக்ஷுவல் என்கிறார்கள்.

6. திருநங்கை யார், திருநம்பி யார்? எப்பவும் மாத்திச் சொல்லிடறேன்.

பிறப்பில் ஆண் என்று பதியப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு, தன்னை ஆணாக உணர்ந்து வாழ்பவர் திருநம்பி. நங்கை என்றால் பெண், நம்பி என்றால் ஆண். பெயரின் பின்பாதியைப் பார்த்தால் போதும், குழப்பம் வராது. பொதுவாகச் சொல்லத் திருநர்.

'அலி', 'ஒம்போது' போன்ற சொற்கள் வசைகள். வேடிக்கைக்காகச் சொன்னேன் என்பது சாக்கு ஆகாது. அந்தச் சொல்லைக் கேட்டபடியே பள்ளியை விட்டு ஓடியவர்கள் ஏராளம்.

7. ஆபரேஷன் பண்ணினாத்தானே திருநங்கை? அதுக்கு முன்னாடி ஆண்தானே?

அறுவைச் சிகிச்சை ஒருவரைத் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ ஆக்குவதில்லை. கேள்வி 1இல் சொன்னபடி அடையாளம் உள்ளிருந்து வருவது. சிலர் ஹார்மோன் மட்டும் எடுத்துக்கொள்வார்கள், சிலர் அறுவையும் செய்துகொள்வார்கள், சிலர் பெயரையும் உடையையும் மட்டும் மாற்றிக்கொள்வார்கள். உடல்நிலை, பணம், வீட்டுச் சூழல், சொந்த விருப்பம் எல்லாம் அதில் இருக்கிறது. யார் எதுவரை போனார்கள் என்பது அவரும் அவருடைய மருத்துவரும் பேச வேண்டியது.

மருத்துவத்தில் பாலின உறுதிப்பாட்டுச் சிகிச்சை என்பார்கள். பால் மாற்று அறுவை என்ற பழைய பெயரில், அதுவரை அவர் வேறு ஆளாக இருந்தார் என்ற தொனி வந்துவிடுகிறது.

8. திருநங்கை ஒரு ஆணைக் காதலிச்சா, அது தன்பாலீர்ப்புக்குள்ள வராதா?

வராது. திருநங்கை ஒரு பெண். பெண் ஆணை விரும்பினால் அது எதிர்பாலீர்ப்பு. திருநங்கை ஒரு பெண்ணை விரும்பினால் அவர் லெஸ்பியன். திருநம்பி ஓர் ஆணை விரும்பினால் அவர் கே. முதலில் அடையாளம், அதற்குப் பிறகு ஈர்ப்பு என்று வரிசையாக யோசித்தால் எந்தக் கேள்விக்கும் விடை வந்துவிடும். திருநங்கையை மணந்த ஆணிடம் "அப்ப நீ கேயா?" என்று கேட்பவர்கள், அவருடைய மனைவியைப் பெண் இல்லை என்றே சொல்கிறார்கள்.

9. என்னை யாரோ 'சிஸ்'னு சொல்லிட்டாங்க. திட்டினாங்களா?

இல்லை. பிறப்பில் பதிந்த பாலும் உணரும் பாலினமும் ஒத்துப் போகிறவர் சிஸ்ஜெண்டர். லத்தீனில் ட்ரான்ஸ் என்றால் அப்பால், சிஸ் என்றால் இப்பால். அது ஒரு பக்கத்தின் பெயர் மட்டுமே.

10. நான்-பைனரி ஒருத்தரை எப்படிக் கூப்பிடறது? அண்ணாவா, அக்காவா?

அவரிடமே கேளுங்கள். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்பது இயல்பான கேள்வி, யாரும் கோபிக்க மாட்டார்கள். நான்-பைனரி என்பவர் ஆண், பெண் என்ற இரண்டில் ஒன்றுக்குள் முழுமையாக அடங்காதவர். சிலர் இரண்டும் கலந்தவராக உணர்கிறார்கள், சிலர் எதுவுமே இல்லை என்கிறார்கள், சிலருக்கு அது காலத்துக்குக் காலம் அசைகிறது.

தமிழ் இதில் கைகொடுக்கிறது. அவன், அவள் என்று பிரிப்பதோடு, அவர், வந்தார், சொன்னார் என்று மரியாதையோடும் பாலினம் சுட்டாமலும் பேச நமக்கு முன்பே வழி உண்டு. உறவுமுறைதான் சிக்கல். அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி எல்லாமே பாலினத்தைச் சொல்லிவிடுகின்றன. சிலர் தோழர் என்பதை விரும்புகிறார்கள், சிலர் பெயரே போதும் என்கிறார்கள். நான்-பைனரியாக இருந்தும் அக்கா என்று கூப்பிடுவதை ரசிப்பவர்களும் உண்டு. அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

வாய்தவறி வேறு மாதிரி கூப்பிட்டுவிட்டால் திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். பத்து முறை மன்னிப்புக் கேட்டால் ஆறுதல் சொல்லும் வேலையும் அவர் தலையில் விழும்.

11. ஊடுபாலும் திருநரும் ஒண்ணுதானே?

இந்தக் குழப்பத்தால் பச்சைக் குழந்தைகளுக்குத் தீங்கு நடந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். திருநர் என்பது அடையாளம். ஊடுபால் என்பது உடலமைப்பு: குரோமோசோம், விரை அல்லது சினைப்பை, ஹார்மோன், பிறப்புறுப்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று, ஆண் உடல் என்றும் பெண் உடல் என்றும் மருத்துவம் வகுத்திருக்கும் இலக்கணத்துக்குள் வராமல் இருப்பது. ஊடுபால் உடலோடு பிறந்தவர்களில் பெரும்பாலோர் தங்களை ஆண் என்றோ பெண் என்றோதான் உணர்கிறார்கள்.

எடுத்துக்காட்டாக, ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை முழுமையாக உள்ள ஒருவருக்கு எக்ஸ்ஒய் குரோமோசோம் இருக்கும், வயிற்றுக்குள் விரைகள் இருக்கும். உடல் ஆண் ஹார்மோனுக்குச் செவிசாய்க்காததால் வெளித்தோற்றம் பெண் குழந்தையுடையதாகவே இருக்கும். பருவ வயதில் மாதவிடாய் வராதபோதுதான் பலருக்கும் விஷயம் தெரிகிறது. இரண்டு எக்ஸ், ஒரு ஒய் உள்ள கிளைன்ஃபெல்டர் நிலையில் பலர் தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். குழந்தையின்மைக்குச் சோதனை செய்யும்போது சிலருக்குத் தெரியவரும்.

பார்வைக்கு 'சரியாக' இருக்கட்டும் என்று கைக்குழந்தைகளின் பிறப்புறுப்பை வெட்டித் தைக்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் நடந்தது. உணர்விழப்பு, வாழ்நாள் வலி, பிற்பாடு உணரும் பாலினத்துக்கு மாறான உடல் என்று அதன் விலையைக் குழந்தைதான் கட்டுகிறது. 2015இல் மால்டா இதைச் சட்டத்தால் தடுத்தது. 2019இல் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி கூடாது என்று ஆணையிட்டது. பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி என்ற ஹார்மோன் சுரப்புக் கோளாறின் சில வகைகளில் உடல் உப்பை இழந்து உயிருக்கே ஆபத்து வரும்; அதற்கு மருந்து உடனே வேண்டும். அது வேறு, தோற்றத்துக்காகக் கத்தி வைப்பது வேறு.

12. இதெல்லாம் ஒரு மனநோய்னு ஒரு டாக்டரே சொன்னாரே?

ஒரு காலத்தில் பாடப்புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. அந்தக் கருத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் சிறையிலோ மருத்துவமனையிலோ இருந்தவர்கள். ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர், இயல்பாக வாழ்ந்துகொண்டிருந்த தன்பாலீர்ப்புள்ள 30 ஆண்களையும் எதிர்பாலீர்ப்புள்ள 30 ஆண்களையும் சோதித்தார். முடிவுகளைப் பெயர் மறைத்து நிபுணர்களிடம் கொடுத்தபோது, யார் எந்தக் குழு என்று அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. 1957இல் அது வெளியானது. 1973இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. அந்த நாள்தான் இந்த மக்கள்மீதான வெறுப்புக்கு எதிரான நாளாக உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது.

திருநர் விஷயத்தில் தாமதம் அதிகம். 2019இல் ஏற்கப்பட்ட ஐசிடி-11 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில்தான் அது மனநோய்ப் பிரிவிலிருந்து வெளியே வந்தது. சிகிச்சைக்கு வழி அடைபடக் கூடாது என்பதற்காக, பாலின இசைவின்மை என்ற பெயரில் பாலியல் நலப் பிரிவில் வைத்திருக்கிறார்கள்.

13. அப்ப டிஸ்ஃபோரியான்னா என்ன?

உடலும் பிறர் நடத்தும் விதமும் தன் அடையாளத்தோடு முட்டும்போது வரும் தவிப்பு. கண்ணாடி பார்க்க முடியாமல் போவது, பழைய பெயரைக் கேட்டதும் நெஞ்சு அடைப்பது போன்றவை. சிகிச்சை தேவைப்படுவது இந்தத் தவிப்புக்கு. எல்லாத் திருநருக்கும் இது ஒரே அளவில் இருக்காது, சிலருக்கு இருப்பதே இல்லை.

14. பிறவியிலேயே வருதா, இல்ல வளர்ப்புல வருதா?

ஈர்ப்புக்கு ஒற்றைக் காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை. 2019இல் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவை ஆராய்ந்த பெரிய ஆய்வு, 'கே மரபணு' என்று ஒன்று இல்லை என்றும், சிறு சிறு தாக்கமுள்ள பல மரபணுக்களுக்குப் பங்கு இருக்கிறது என்றும் காட்டியது. தாய் கண்டிப்பாக இருந்ததால், தந்தை வீட்டில் இல்லாததால், நண்பன் கெடுத்ததால் என்ற விளக்கங்களுக்கு ஆதாரம் கிடையாது.

இடதுகைப் பழக்கம் எதனால் வருகிறது என்பதும் முழுக்கத் தெளிவாகவில்லை. அதற்காக இடது கையைக் கட்டிப்போட்டு எழுதவைப்பதை இன்று யாரும் சரி என்பதில்லை.

15. மருந்து, கவுன்சிலிங்னு குடுத்து மாத்த முடியாதா?

முடியாது. முயன்றவர்கள் உண்டாக்கியது மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும்தான். மாற்றித் தருகிறேன் என்று சொல்பவர் எவ்வளவு பெரிய பட்டம் பெற்றிருந்தாலும் அங்கே பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள். இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் இதை மருத்துவத் தொழில்நெறிக்கு எதிரான செயலாக அறிவித்திருக்கிறது.

16. ஒரு பொண்ணு முடியை ஒட்ட வெட்டி, பேண்ட் சட்டை போட்டா லெஸ்பியனா?

அது பாலின வெளிப்பாடு. கேள்வி 1இன் நான்காவது. அதை வைத்து மற்ற எதையும் கணிக்க முடியாது. நளினமாக நடக்கும் ஆண் எதிர்பாலீர்ப்பாளராக இருக்கலாம், மீசை முறுக்கியவர் கேயாக இருக்கலாம். மேடையில் வேடமிட்டு ஆடும் ட்ராக் கலைஞரும் திருநராக இருக்க வேண்டியதில்லை.

17. கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கு. இப்ப வந்து கேன்னு சொன்னா எப்படி நம்பறது?

நம்புங்கள். குழந்தை பிறப்பது உடலால் நடக்கும் செயல். ஈர்ப்பு எங்கே இருந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. கட்டாயத்தில் மணந்தவர்கள், மணந்தால் மாறிவிடும் என்று நம்பியவர்கள், தனக்கு இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே நாற்பது வயதில் தெரிந்தவர்கள் எனப் பலர் இருக்கிறார்கள். சிலர் கேள்வி 4இல் சொன்ன இருபாலீர்ப்புள்ளவர்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பல நேரம் அந்த மனைவியாகவோ கணவராகவோ இருக்கிறார். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது: உங்கள் அழகிலோ அன்பிலோ குறை இருந்ததால் இது நடக்கவில்லை. உங்கள் கோபமும் நியாயம், வலியும் நியாயம். "ஒரு கல்யாணத்தைப் பண்ணிவெச்சா சரியாப் போயிடும்" என்று உண்மையை மறைத்து இரண்டு பேரைச் சேர்த்துவைத்த பெரியவர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது.

18. என் பொண்ணு போன வருஷம் பைன்னு சொன்னா, இப்ப லெஸ்பியன்னு சொல்றா. அப்ப வயசுக் கோளாறுதானே?

தன்னை இன்னும் சரியாகச் சொல்லும் வார்த்தையை அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். வார்த்தை மாறுவதால் உணர்வு பொய்யாகிவிடாது. சிலருக்கு ஈர்ப்பே காலப்போக்கில் தானாக நகர்வதும் உண்டு. வெளியிலிருந்து யாரோ தள்ளி நகர்த்துவது வேறு, அது கேள்வி 15. இரண்டு முறையும் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். மூன்றாவது முறையும் சொல்வாளா என்பது, முதல் இரண்டு முறை நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

19. கூட வேலை செய்யறவர் கேன்னு எனக்குத் தெரியும். மத்தவங்களும் பழகணுமேன்னு சொல்லி வெக்கலாமா?

கூடாது. நல்லெண்ணத்தோடு சொன்னாலும் கூடாது. தானே முன்வந்து சொல்வதைக் கமிங் அவுட் என்பார்கள். அவருக்காக இன்னொருவர் சொல்லிவிடுவது அவுட்டிங். வீடு, வேலை, வாடகை இருப்பிடம், சில இடங்களில் உயிர்கூட இதனால் போயிருக்கிறது. உங்களிடம் சொன்னவர் வீட்டில் சொல்லாமல் இருக்கலாம். யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திருநர் ஒருவரின் பழைய பெயரைச் சொல்வதும், பழைய படத்தைக் காட்டுவதும் இதே வகைத் தவறு. "முன்னாடி பேர் என்ன?" என்பது சாதாரண விசாரிப்பாகத் தோன்றும். ஆனால் அவர் பாடுபட்டு விட்டு வந்த இடத்துக்கே திரும்ப இழுக்கும் கேள்வி அது.

20. வானவில் கொடி எல்லாருக்கும் ஒண்ணுதானா?

பொதுக்கொடி அதுதான். கில்பர்ட் பேக்கர் 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் எட்டு நிறங்களோடு அமைத்தார். பிறகு ஆறாகக் குறைந்தது. இளநீலம், இளஞ்சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் கொண்டது திருநர் கொடி. மோனிக்கா ஹெல்ம்ஸ் 1999இல் உருவாக்கியது.

21. எல்லாத்தையும் படிச்சேன். நான் இதுல எதுன்னு எனக்கே தெரியலையே?

தெரிந்தே ஆக வேண்டும் என்ற கெடு எதுவும் இல்லை. யாருக்கும் நிரூபிக்கவும் வேண்டாம். அனுபவம் இருந்தால்தான் சொல்ல முடியும் என்பதும் இல்லை. கேள்வி 3இல் வரும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் உங்களுக்குப் பொருந்தினால் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். எதுவுமே வேண்டாம் என்றால் க்வியர் என்று சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், இரகசியம் காப்பார் என்று உறுதியாகத் தெரிந்த ஒருவரிடம் தொடங்குங்கள். மனநல ஆலோசகரிடம் போவதானால், முதல் சந்திப்பிலேயே "என்னை மாற்ற முயல்வீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். இல்லை என்று தயங்காமல் சொல்பவரிடம் மட்டும் அடுத்த முறை போங்கள்.